என் வாயில் வைத்த சொல்

கோட்டைக்குப்பம்
21.1.2024

சிவகுமாருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அதைக் கேட்க மனமில்லை. உன் நம்பரை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நான்கு நாளாக நீ சந்தியாவின் போனில் அழைப்பதும் தெரியும். போனில் பேசினால் நீ அழுவாய். நான் என் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். நீ தாளில் எழுதியதற்குத் தாளிலேயே பதில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் சரவணன் உன் கதையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'நம்மூர் எழுத்தாளர்' என்று கைதட்டுகிற படங்களாக வந்து விழுந்தன. சாயங்காலத்துக்குள் கைதட்டல் நின்றுவிட்டது. கதையில் 'நான்' என்று பேசுகிறவள் யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. புருஷன் முகத்துவாரத்தில் வலை கட்டப் போய்ச் செத்தவள், ஒரே பெண்ணை வைத்திருப்பவள், இப்போது ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறவள். கோட்டைக்குப்பத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்?

அந்தக் கதையில் நான் சொல்கிறேனாம்: "படகில் கம்பு பிடிக்க வா என்று கூப்பிட்டார். தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துக் கிடந்தேன். போகட்டும், ஒரு நாளாவது என்னை விடட்டும் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்."

நேற்று அங்கமுத்து மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊர்த் தலைவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

"இன்னாம்மா அமுதா, நீ தோணிரேவுல அம்மா ஊட்ல இருந்தேன்னு சொன்னே. ஊட்டு ஆளே எழுதிக்கீறான், நீ இங்கதான் இருந்தேன்னு. அவன் பொய்யா எழுதுவான்?"

"அது கதை மாமா."

"கதைனா பேரை மாத்துவாங்க. சாவ மாத்துவாங்களா?"

மார்ச் மூன்றாம் தேதி, ஏரியில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டு எடுக்கும் கூட்டம். உன் அண்ணன் பெயரைத் துக்கத்துக்காகப் போன வருஷம் பட்டியலிலிருந்து அடிக்காமல் விட்டார்கள். ஆண் வாரிசு இல்லாத வீடு, இந்த வருஷம் அடித்துவிடுவார்கள். சந்தியா படித்து முடிக்கிற வரைக்கும் என் பேரில் விடுங்கள், ஆள் வைத்து வலை கட்டிக்கொள்கிறேன் என்று கார்த்திகையிலிருந்து வாசல் வாசலாகப் போய்க் கேட்டுப் பாதிப் பேரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். நீ கதைக்கு வைத்த தலைப்பு 'என் பாடு'. இந்த ஊரில் பாடு என்றால் ஏரியில் வலை கட்டக் கிடைக்கிற முறை. 'என் பாடு' என்று சொல்ல இங்கே ஆணுக்கு மட்டும்தான் வாய் உண்டு. "ஊர் இன்னும் குடுக்கவே இல்ல, அதுக்குள்ள என் பாடுனு புத்தகத்துல போட்டுகினா" என்கிறார்கள். நான்தான் உன்னை எழுத வைத்தேன் என்கிறார்கள்.

எழுதியது நீ. சொன்னது நான் என்று ஆகிவிட்டது. இதற்கு ஒரு வழி சொல்.

அமுதவல்லி


மீஞ்சூர்
28.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் இதுவும் எழுத்தாளன் பேச்சு என்பீர்கள். ஆனாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண் நீங்கள் இல்லை அண்ணி. எங்கெங்கோ பார்த்த பெண்களின் துயரங்களைச் சேர்த்து நான் உருவாக்கிய ஒருத்தி. புனைவில் 'நான்' என்பது எழுதுகிறவனும் இல்லை, எழுதப்படுகிறவளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பிறக்கிற மூன்றாவது ஆள். எழுதுகிறவன் எந்த உடம்புக்குள்ளும் போய்வர முடியும் என்று நம்பித்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

தலைப்பு விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். பாடு என்பதைத் துன்பம் என்ற பொருளில் வைத்தேன். மீஞ்சூருக்கு வந்து பதினொரு வருஷமாகிறது. ரயிலில் நிற்க இடமில்லாமல் வருகிறவர்கள் 'என் பாடு திண்டாட்டம்' என்று பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதே மறந்துபோயிற்று. அச்சில் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஏரிக்கரையில் பிறந்தவன் செய்யக்கூடிய தப்பா இது?

சென்னையில் ஒரு கூட்டத்தில் இந்தக் கதையைப் பற்றிப் பேசினார்கள். ஆணாக இருந்துகொண்டு ஒரு பெண்ணின் மனதுக்குள் இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாரே என்று ஒரு பேராசிரியர் வியந்தார். ஒரு பெண் மட்டும் எழுந்து, "இவள் பதினான்கு பக்கத்தில் இன்னொரு பெண்ணோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, ஏன்?" என்று கேட்டார். அது அவளுடைய தனிமை என்றேன். கைதட்டினார்கள். இதை உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நல்லவிதமாகவும் அந்தக் கதையைப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டத்தான் போலிருக்கிறது.

அந்தக் கதை முழுக்கக் கற்பனை என்று ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சந்தியாவை மட்டும் என் போனை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
சிவா


கோட்டைக்குப்பம்
6.2.2024

சிவகுமாருக்கு,

நடுவில் பிறந்த மூன்றாவது ஆளை அங்கமுத்து மாமாவிடம் கூட்டிக்கொண்டு வந்து காட்டு. அவள் வந்து சொன்னால் நம்புவார்.

ஊரார் சொல்லித்தான் இதுவரை எனக்கு உன் கதை தெரியும். முந்தாநாள் சந்தியாவின் போனை வாங்கி நானே முழுக்கப் படித்தேன். என்னோடு ஏரிக்கு வருகிற பச்சையம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு இடத்தில் சிரித்துவிட்டோம். கோபத்தோடு உட்கார்ந்தவளைச் சிரிக்க வைத்தாயே, அதற்கு உனக்கு ஒரு நன்றி.

முதல் இடம், நான் ஏரியிலிருந்து கரையேறி ஈரச் சேலையோடு கண்ணாடி முன்னால் நின்று என் மார்பையும் இடுப்பையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிற இடம். ஏரியில் இறங்கிவிட்டு வருகிறவள் முதலில் பார்ப்பது காலை. கிளிஞ்சல் கிழித்திருக்கிறதா, கெளுத்தி முள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் பசிக்கும். கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்று பார்த்தது நான் இல்லை, நீ. இரண்டாவது இடம், கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க நான் அழுகிற இடம். "இவ்ளோ நேரம் ஏரிய பாத்துகினு இருந்தா எறாவ யாரு தடவறது?" என்று பச்சையம்மா கேட்டாள். சென்னையில் எழுந்து கேட்டாளே, அந்தப் பெண் கெட்டிக்காரி. ஆறு பேர் சேர்ந்துதான் தண்ணீரில் இறங்குகிறோம். வாய் ஓயாது. உன் கதைக்காரி மட்டும் ஊமையாக இருக்கிறாள்.

இதெல்லாம் போகட்டும். ஆண் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவேன். அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பு பிடிக்க வா என்று புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் சுத்து வலை கட்ட எவன் பெண்டாட்டியைக் கூட்டிப் போகிறான்? இதை ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. செத்தவன் பெண்டாட்டி பொய் சொன்னாள் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வரிகள். தலைவலி என்றதும் அவர் குனிந்து நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். "சுடலியே" என்று சொல்லிச் சிரிக்கிறார். பொய் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறார். கதை முழுக்கப் பொய்யாக இருந்தாலும் இந்த நான்கு வரி பொய் இல்லை என்று படிக்கும்போதே தெரிந்துவிட்டது. உன் அண்ணன் அப்படியே வந்து நின்றார்.

பதினேழு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினேன். கெட்டவர் இல்லை. ஆனால் என் நெற்றியில் அவர் கை வைத்ததே இல்லை. காய்ச்சல் என்றால் வாசலில் நின்றபடி, "இன்னா, ஒடம்பு சரியில்லியா, ரஞ்சித் கடையில மாத்திரை வாங்கியாரட்டா" என்பார். சந்தியாவைக்கூட என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். உன்னை மட்டும்தான் சின்ன வயதிலிருந்து அப்படித் தொட்டுப் பார்ப்பார்.

அது யார் நெற்றி சிவா?

அமுதவல்லி


மீஞ்சூர்
10.2.2024

அண்ணிக்கு,

அது கற்பனைதான். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணன் தொட்டுப் பார்த்தது ஞாபகத்தில் இருந்து வந்திருக்கும். எழுதும்போது இப்படித்தான் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்.

கம்பெனியில் இந்த வாரம் வேலை அதிகம். விவரமாகப் பிறகு எழுதுகிறேன். பஞ்சாயத்துக்கான கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சிவா


மீஞ்சூர்
17.2.2024

அண்ணி,

நீங்கள் பதில் எழுதவில்லை. பஞ்சாயத்துக்கு நான் எழுதிய கடிதம் நான்காகக் கிழிந்து அதே உறையில் திரும்பி வந்தது. இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் படியுங்கள்.

அது என் நெற்றி.

அந்த நவம்பரில் நீங்கள் சந்தியாவோடு தோணிரேவுக்குப் போயிருந்தீர்கள். லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் அண்ணனுக்குத் துணையாக வர முடியவில்லை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன் அல்லவா? லீவு கிடைத்தது. அண்ணன் போனதற்கு முந்தின நாள் சாயங்காலமே பஸ்ஸில் வந்துவிட்டேன். அண்ணன் மடவை மீன் குழம்பு வைத்திருந்தார், உப்பு அதிகம். விடியற்காலை என்னை எழுப்பினார். அன்று ஒரு சிறுகதைப் போட்டிக்குக் கடைசி நாள். பாதிக் கதை பாக்கி இருந்தது. காய்ச்சல் என்றேன்.

அவர் கை வைத்துப் பார்த்தார். "சுடலியேடா" என்று சிரித்தார். "சரி படு. எந்திரிச்சி காப்பி போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்துவாரத்தில் தண்ணீர் இழுக்கிற நாள் அது. ஒருவன் கம்பு ஊன்றிப் படகைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் வலை கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் படுத்திருந்தேன். போகட்டும், ஒரு நாளாவது என்னை விடட்டும் என்று நினைத்தேன். உங்கள் வாயில் நான் வைத்த அந்த வரி ஒரு எழுத்துக்கூட மாறாமல் என்னுடையது.

அவர் போனதும் எழுந்து உட்கார்ந்து கதையை முடித்துப் போனிலிருந்தே அனுப்பினேன். ஒன்பது மணி பஸ்ஸில் யாரும் பார்க்காமல் மீஞ்சூருக்குக் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்குத் தகவல் வந்தது, கால் வலையில் சிக்கிப் படகோடு போய்விட்டார் என்று. அந்தக் கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

இதை எழுதி இறக்கி வைத்துவிட வேண்டும் என்று ஒரு வருஷம் முயன்றேன். ஆணாகத்தான் முதலில் எழுதினேன். 'நான்' என்று எழுதிய உடனே அது நானாகவே வந்து நின்றது. தாண்டிப் போக முடியவில்லை. அந்த 'நான்' மேல் ஒரு சேலையைச் சுற்றிவிட்டேன், கை ஓடியது. அவள்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. என்மேல் வராத இரக்கம். பெண்ணின் மனதுக்குள் இறங்கினான் என்று கைதட்டினார்களே, நான் எங்கேயும் இறங்கவில்லை அண்ணி. ஒளிந்துகொள்ள உங்கள் வீட்டுக்குள் புகுந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சிவா


கோட்டைக்குப்பம்
22.2.2024

சிவா,

உன் கடிதத்தை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். சந்தியா கண்ணில் படக்கூடாது என்று. இன்று எடுத்து மறுபடியும் படித்தேன்.

அவர் செத்ததற்கு உன்மேல் பழி போட மாட்டேன். பொய் என்று தெரிந்துதான் போயிருக்கிறார். தம்பி படுத்துத் தூங்கட்டும் என்று நினைத்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள்தான். நீ பயந்து ஓடியதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

காரியத்தன்று பந்தலில் என்ன பேசினார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஆத்தா ஊட்ல போய் குந்திகினா. இவ இருந்திருந்தா தனியா போவ விட்டிருப்பாளா?" உனக்கு இரண்டு அடி தள்ளித்தான் பேசினார்கள். நீ நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். காதில் விழாத மாதிரி இன்னும் இரண்டு நாற்காலி எடுக்கப் போனாய். பதினைந்து மாதமாக அந்தப் பேச்சை நான் சுமக்கிறேன். அது போதாது என்று அதை அச்சிலும் ஏற்றினாய். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுதிக் கொடுக்காதே. நீ எழுதுகிற எதையும் இனி இந்த ஊர் கதை என்றுதான் சொல்லும். மார்ச் மூன்றாம் தேதி காலை கோயில் மண்டபத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் வாயால் சொல். ஆணாகவே சொல்.

அமுதவல்லி


மீஞ்சூர்
5.3.2024

அண்ணி,

நீங்கள் பெண்களோடு மண்டபத்துக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே நடந்ததில் பாதிகூடக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறியதற்கும் இதுதான் காரணம்.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஒன்பது மணி பஸ், நீங்கள் தோணிரேவில் இருந்தது, எதையும் விடவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கமுத்து மாமா எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அழாதடா. ஆம்பள, தப்ப ஒத்துகினான் பாரு" என்றார். யாரோ டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் எவ்வளவு பாசமாக இருந்தார்கள் என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் வாயில் இருந்தபோது காறித் துப்பிய அதே வரிக்குத்தான், என் வாயிலிருந்து வந்ததும் டீ கிடைத்தது. அதைக் குடித்தேன் அண்ணி. சூடாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

பிறகு உங்கள் விண்ணப்பம் வந்தது. "பொம்பள பேர்ல போட்டா நாளைக்கு எல்லா ஊட்லயும் கேப்பாங்க" என்று ஒருவர் சொன்னார். "இன்னாத்துக்கு வம்பு? அண்ணன் துளசிங்கம் பேர அடிச்சிட்டு தம்பி பேர போடு. ரத்தம்தானே" என்றார் மாமா. "இன்னாடா சிவா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இரண்டு நாளாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் நான் நல்லவனாக வந்துவிடுகிறேன். அதனால் கிழித்துப் போடுகிறேன். இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உங்களுக்கு வர வேண்டியதை உங்கள் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டேன்.

அதை வைத்துக்கொள்ள மாட்டேன். நாளைக் காலை வந்து என் பெயரை அடிக்கச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகாவது உங்கள் முன்னால் நிற்க எனக்கு யோக்கியதை வருமா பார்க்கிறேன்.

சிவா


கோட்டைக்குப்பம்
14.3.2024

சிவா,

உன் கடிதம் எட்டாம் தேதிதான் வந்தது. ஏழாம் தேதியே சரவணன் அரைக் கிலோ லட்டோடு வாசலில் வந்து நின்றான். நீ வந்து பெயரை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனதும், வரிசையில் அடுத்தது அவன் பெயர் என்று எழுதிவிட்டார்கள். அடித்த இடத்தில் என் பெயரை எழுதுவார்கள் என்று நினைத்தாயா?

அன்று நீ தலையாட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. பெயர் உன்னுடையதாக இருந்தால் என்ன, வலை நம் வீட்டு வலைதானே. பச்சையம்மா வீட்டுக்காரர் கம்பு பிடிக்க வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கு வெளியே நின்றபடியே நாங்கள் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம். நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சந்தியாவின் போனில் கேட்டிருக்கலாம், வீட்டு வாசலுக்கு வந்து கேட்டிருக்கலாம். பெயரை அடிக்கச் சொல்ல நீ போன மாமா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் நம் வீடு. உனக்கு யோக்கியதை வர வேண்டும் என்ற அவசரத்தில் என் பாட்டைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டாய்.

கதை எழுதும்போதும் நீ என்னைக் கேட்கவில்லை. இப்போது திருந்தும்போதும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் சீட்டு எடுப்பார்கள். விண்ணப்பத்தை நானே எழுதுவேன், மண்டபத்துக்குள் போய் நானே படிப்பேன். உள்ளே விட மாட்டார்கள் என்றால் ஜன்னலில் நின்று படிப்பேன். பச்சையம்மாவும் மற்ற நான்கு பேரும் கூட நிற்கிறேன் என்றிருக்கிறார்கள். என்னைப் பற்றி இனி எழுதாதே என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை, உன் கை, உன் பேனா. என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். அவர் போன அன்று தோணிரேவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இன்றுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஊர் கேட்கவில்லை, பஞ்சாயத்து கேட்கவில்லை, பதினான்கு பக்கம் எழுதிய நீயும் கேட்கவில்லை. என்னைப் படுக்க வைத்தாய், அழ வைத்தாய், கண்ணாடி முன்னால் நிறுத்தினாய். எனக்கு உண்மையிலேயே இருக்கிற வெட்கம் உனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். என் தங்கை அம்பிகாவும் வந்திருந்தாள். அம்மாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்டபோது அம்மா எப்படிப் பயந்து பயந்து பதில் சொன்னாள் என்று நடித்துக் காட்டினாள். அம்மாவே சிரித்துவிட்டாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். அந்த மூன்று நாளும் எனக்கு உன் அண்ணன் நினைப்பே வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி நான் சிரித்ததில்லை. பதினொரு மணி இருக்கும், போன் அடித்தது. அம்பிகா எடுக்கட்டுமா என்று கேட்டாள். இரு, சிரித்து முடித்துவிட்டு எடுக்கலாம் என்றேன். இரண்டு முறை அடித்து நின்றது.

அமுதவல்லி